மேனேஜரின் ரத்தம்

ஸ்டேஷன் மாஸ்டர் பணி ஓய்வு பெற்றுப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அவர் தம் வீட்டு வாசலில் நிற்கிற நிற்பைப் பார்த்தால், அடுத்த நிமிஷம் ஏதோ ரயில் உள்ளே வரப்போகிறது என்றுதான் தோன்றும். மடிப்புக் கலையாத சட்டை, குதிகால் வரை இறங்கிய முழுக்கால் சட்டை, வளையாத முதுகு. காலையில் குளித்ததும் இந்த உடுப்பில் ஏறிக்கொண்டால் படுக்கப் போகும்போதுதான் இறங்குவார். அவர் முழங்காலைக் கண்ணால் பார்த்தவர் அந்த வீட்டில் யாருமில்லை என்பது அவருடைய எண்ணம்.

காரணம் இருந்தது. இடது காலில், முழங்காலுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு படை. சிவந்து, தடித்து, செதில் செதிலாக உதிரும். ஒட்டிக்கொள்ளும் நோயல்ல, உயிரை வாங்கும் நோயுமல்ல. ஆனால் அவருடைய அத்தைக்கு இதே மாதிரி கழுத்தில் வந்து, நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது. அந்த அம்மாள் கடைசிவரை தனியாகவே இருந்து போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு ஸ்டேஷன் மாஸ்டரின் தகப்பனார் கூடத்தின் நடுவில் நின்று ஒரு சட்டம் போட்டார்: "நம்ம வீட்டுல யாருக்கும் தோல்ல ஒண்ணும் கிடையாது." சட்டம் என்றால் சட்டம்தான். தமக்கு வந்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் அதை மீறவில்லை, மறைத்தார். தினமும் குளித்ததும் தம் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். பேப்பர் படிக்கிறார் என்று வீடு நம்பியது. படிக்கத்தான் செய்தார். ஆனால் அதற்கு முன்னால் காலில் களிம்பு பூசி, அது காயும்வரை கால்சட்டையை மேலே சுருட்டி வைத்திருப்பார். அந்த நேரத்தில் அந்த அறைக்குள் வர அனுமதி பெற்ற ஒரே ஜீவன் மேனேஜர். அது வெளியே போய் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

மேனேஜர் என்பது நாய். வருகிறவர் போகிறவர் எல்லாரையும் வாசலில் நிறுத்தி, மோந்து பார்த்து, திருப்தியானால்தான் உள்ளே விடும் என்பதால் மச்சினர் வைத்த பெயர். மச்சினர், அதாவது ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவிக்குத் தம்பி, கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். விடுமுறை நாள் மதியச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். வாயைத் திறந்தால் கிண்டல் தவிர வேறெதுவும் வராது.

ஸ்டேஷன் மாஸ்டரின் சொந்தத் தம்பி மகள் கால்நடை மருத்துவம் படித்து, ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்திருந்தாள். ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் ஒரு பெட்டி நிறைய ஊசியும் குழாய்களுமாகப் பெரியப்பா வீட்டுக்கு வந்து நின்றாள்.

"ஒரே வீட்டுல இருக்கிற ஆளுங்க ரத்தத்தையும் நாய் ரத்தத்தையும் சேர்த்துப் பாக்கறோம் பெரியப்பா. ஒரே தண்ணி, ஒரே தரை, ஒரே அடுப்புப் புகை. எல்லாத்தையும் சுத்தம் பண்றது ஈரல்தான். வீட்டுல ஏதாவது கெடுதல் இருந்தா, மனுஷனுக்கு முன்னாடி நாய் ரத்தத்துல தெரியுமான்னு கண்டுபிடிக்கணும்."

"நம்ம வீட்டுல என்ன கெடுதல் இருக்கப் போகுது? தாராளமா எடுத்துக்கோ" என்று ஸ்டேஷன் மாஸ்டர் வலது கையை நீட்டினார்.

"பாத்து குத்தும்மா" என்றார் மச்சினர். "அத்தான் உடம்புல ஓடறது கஞ்சி. ஊசி வளைஞ்சிடப் போகுது."

"அடுத்தது நீங்கதான் மாமா."

"நான் இந்த வீட்டு ஆள் இல்லம்மா. இங்க சாப்பிடறேன், அவ்வளவுதான்."

ஸ்டேஷன் மாஸ்டர் கொடுத்தார், மனைவி கொடுத்தாள், மேனேஜர் முன்னங்காலை நீட்டி, அவமானப்பட்ட அதிகாரியைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தது.

ஒரு வாரம் கழித்து வந்தவள் நேராகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். "பெரியப்பா, உங்க ஈரல் இளவட்டம் மாதிரி இருக்கு. பெரியம்மாவுக்கும் குறையில்ல."

ஸ்டேஷன் மாஸ்டர் மச்சினரை ஒரு பார்வை பார்த்தார். சொல்லாமலே சொல்லிவிட்ட பார்வை.

"மேனேஜர்தான் இடிக்குது" என்றாள் அவள். "ஏ.எல்.பி.ன்னு ஒரு என்சைம். இருக்க வேண்டியதைப்போல ஏழெட்டு மடங்கு இருக்கு."

"அப்படின்னா?" என்றாள் பெரியம்மா.

"ஈரலை ஒரு சமையல்கட்டுன்னு வச்சுக்கோங்க பெரியம்மா. பாத்திரமெல்லாம் உள்ளதான் இருக்கணும். தெருவுல கிடந்தா என்ன நினைப்பீங்க? சுவரு இடிஞ்சிருக்குன்னுதானே. ரத்தம்தான் தெரு. ஈரல் செல் உடைஞ்சா உள்ள இருக்கிற என்சைம் ரத்தத்துல வந்து கிடக்கும். ஆனா மேனேஜருக்குச் சுவரு இடியல. மத்த பாத்திரமெல்லாம் ஓரளவு உள்ளயேதான் இருக்கு. இந்த ஒரு பாத்திரத்தை மட்டும் யாரோ பட்டறை போட்டு அடிச்சுத் தள்ளுற மாதிரி இருக்கு."

"அது இப்பல்லாம் தண்ணி நிறைய குடிக்குது" என்றாள் பெரியம்மா. "வயிறும் தொங்கிப் போச்சு. வயசாயிடுச்சுன்னு நினைச்சோம்."

"மேனேஜர்னா தொப்பை இருக்கத்தானே செய்யும்" என்றார் மச்சினர். யாரும் சிரிக்கவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டருக்கு உள்ளுக்குள் ஏதோ குடைய ஆரம்பித்தது. ஒரு வண்டி தாமதமானால் எந்த இடத்தில், எதனால் தாமதமானது என்று தெரியாமல் தூங்காதவர் அவர். அடுத்த சோதனைக்கு மேனேஜரை ஆராய்ச்சிக் கூடத்துக்கு அழைத்துப் போகும் வேலையைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

நீளமான அறை. சுவரோரம் வெள்ளை இயந்திரங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் முனகிக்கொண்டிருந்தன. சுழலும் இயந்திரத்திலிருந்து தம்பி மகள் ஒரு குழாயை எடுத்துக் காட்டினாள். அடியில் கருஞ்சிவப்பாக ரத்தம் தங்கியிருக்க, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவான நீர் நின்றது.

"நாங்க பாக்கறது இந்த மேல் தண்ணியைத்தான். இதுக்குள்ள இருக்கிற ஏ.எல்.பி. எந்தப் பட்டறையில செஞ்சதுன்னு தெரியணும். எலும்புல ஒண்ணு, ஈரல்ல ஒண்ணு. நாய்க்கு மட்டும் மூணாவதா ஒரு வகை உண்டு."

"நாய்க்கு மட்டுமா? மாட்டுக்கு, பூனைக்கு?"

"கிடையாது. மனுஷனுக்கும் கிடையாது. நாய் உடம்புல ஸ்டீராய்டு மருந்து சேர்ந்தா, ஈரல் இந்த மூணாவது வகையைச் செய்ய ஆரம்பிக்கும். ஏன் நாய்க்கு மட்டும்னு கேட்டா, எனக்கும் முழுசாத் தெரியாது." அவள் குழாயைக் கொஞ்சம் ஆட்டினாள். "கண்டுபிடிக்கச் சுலபமான வழி, சூடு. அறுபத்தஞ்சு டிகிரியில கொஞ்ச நேரம் வச்சா மத்த ரெண்டும் செத்துடும். இது மட்டும் அசையாம நிக்கும்."

"மேனேஜரோடது?"

"நின்னுச்சு பெரியப்பா."

சுட்டும் சாகாத ஒரு பொருள் தம் வீட்டு நாயின் ரத்தத்தில் ஓடுகிறது என்ற செய்தி ஸ்டேஷன் மாஸ்டருக்கு வியப்பாகவும் ஒருவிதத்தில் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமை நிலைக்கவில்லை.

"ரெண்டுல ஒண்ணு" என்றாள் அவள். "சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. அதுவே இந்தச் சரக்கை அதிகமாச் சுரக்கலாம். இல்ல, வெளியிலேர்ந்து யாராவது குடுத்திருக்கலாம். இன்னிக்கு ஓர் ஊசி போட்டு அந்தச் சுரப்பியைத் தட்டிப் பாக்கப் போறேன்."

தட்டிப் பார்த்தாள். சுரப்பி எழுந்திருக்கவே இல்லை. அடுத்த விடுமுறை நாள் மதியம், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து சொன்னாள். "சுரப்பி நல்லாத் தூங்குது. அதோட வேலையை வேற யாரோ செய்யறப்ப அது எதுக்கு எழுந்திருக்கணும்? யாரோ மேனேஜருக்கு ஸ்டீராய்டு குடுக்கறாங்க. மாத்திரையோ, ஊசியோ, காதுக்குச் சொட்டு மருந்தோ. இப்படியே போனா தோல் கிழியும், சதை கரையும், சின்னச் சீக்கு வந்தாக்கூடத் தாங்காது. யாருன்னு தெரியணும் பெரியப்பா."

"இந்த வீட்டுல அந்த மாதிரி ஒளிச்சு மறைச்சு வேலை செய்யறவங்க யாரும் கிடையாது" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். சொல்லும்போதே அவர் கண் மச்சினர்மேல் போய் நின்றது. மருந்துக் கடை. முன்பொரு தடவை மேனேஜருக்கு அரிப்பு என்று ஒரு ஷாம்பு கொண்டுவந்து கொடுத்தது. எல்லாம் கோர்த்து வந்தது.

"தம்பி, நீ சொல்லு."

"என்ன சொல்றது அத்தான்?"

"மாத்திரை ஏதாவது குடுத்தியா? அரிப்பு நிக்கட்டும்னு, விளையாட்டா, யாருக்கும் தெரியாம."

மச்சினர் சிரிக்கப் பார்த்தார். அத்தானின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "கடையில சீட்டு இல்லாம ஒரு இருமல் மருந்துகூடக் குடுக்கமாட்டேன் நான். உங்க நாய்க்குத் திருட்டுத்தனமா மருந்து குடுப்பேனா?"

"வேற யாரு? இவளா? நானா?"

அந்த "நானா"வைச் சொன்ன தொனி, அப்படி நினைப்பதே பாவம் என்பதுபோல் இருந்தது. மச்சினர் தட்டில் பாதிச் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். "அக்கா, நான் வரேன்" என்று மட்டும் சொன்னார். அத்தானிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மேனேஜர் வாசல்வரை கூடவே போய், வழியனுப்பிவிட்டு வந்தது.

அதற்கப்புறம் விடுமுறை நாட்களில் அந்த மேஜையில் ஒரு நாற்காலி காலியாகவே கிடந்தது. மனைவி பேச்சை நிறுத்தவில்லை. "சாப்பாடு ஆச்சு", "தண்ணி வந்துடுச்சு", "கேஸ் தீந்துடுச்சு" என்று தேவையானதை மட்டும் பேசினாள். அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம்.

சில வாரங்கள் கழித்துத் தம்பி மகள் மறுபடி மேனேஜரின் ரத்தத்தை எடுத்துப் போனாள். முடிவோடு வந்தபோது உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"மாமா வரதே இல்ல. ஆனா அளவு இறங்கல பெரியப்பா. ஏறியிருக்கு. மாமா இல்ல."

சமையலறையிலிருந்து மனைவி வந்து கதவு ஓரம் நின்றாள்.

"ரொம்ப யோசிச்சேன்" என்றாள் தம்பி மகள். "கையில குடுத்தாத்தான் போகணும்னு இல்ல. வீட்டுல யாராவது க்ரீம், களிம்பு, ஏதாவது பூசறீங்களா? நாய் நக்கினாப் போதும், உள்ள போயிடும். வேற ஊருங்கள்ல அப்படி நடந்ததுன்னு படிச்சிருக்கேன்."

"இல்ல" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

யோசித்துச் சொன்ன பதில் அல்ல. தகப்பனாரின் சட்டம் அவர் வாயிலிருந்து தானாகப் புறப்பட்டுப் போயிற்று. வார்த்தை வெளியே வந்த பிறகுதான், அவள் சொன்னதில் "நக்கினா" என்ற சொல் அவர் காதில் விழுந்தது. கதவோரம் நின்ற மனைவி அவரைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி பெரியப்பா. அப்ப இந்த வீட்டை ஆராய்ச்சிலேர்ந்து எடுத்துடறேன். வாய் சொல்றதும் ரத்தம் சொல்றதும் ஒத்துப் போகலேன்னா எங்களால சேர்த்துக்க முடியாது. தப்பா நினைச்சுக்காதீங்க." அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் குளித்துவிட்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டார். களிம்பைப் பூசினார். பேப்பரை விரித்தார். ஆனால் படிக்கவில்லை. பேப்பரைக் கொஞ்சம் தாழ்த்தி, மேஜைக்கு அடியில் பார்த்தார். மேனேஜர் எழுந்து வந்து, அவர் காலடியில் படுத்து, நிதானமாக, கடமை தவறாத ஊழியனைப் போல, முழங்காலிலிருந்து கணுக்கால்வரை நக்கியது. எப்போதும் செய்வதுதான். அந்த ஈர நாக்கு படுவது இதமாக இருக்கும். பேப்பர் படிக்கிற நேரத்தில் அவர் தமக்கு அனுமதித்துக்கொண்ட ஒரே செல்லம் அது. நாய்க்கு நம்மேல் எவ்வளவு பிரியம் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டிருக்கிறார், இத்தனை நாளாக. இந்தக் கொஞ்ச நாளில், மனசு சரியில்லாமல் படையும் பரவியதால், களிம்பை இரண்டு மடங்கு அப்பியிருக்கிறார். அளவு ஏறாமல் என்ன செய்யும்?

நாயை விலக்கினார். அது அவரை வியப்போடு பார்த்தது.

தாழை எடுத்து வெளியே வந்தபோது கால்சட்டை இன்னும் முழங்காலுக்கு மேலேயே சுருட்டியிருந்தது. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்திப் பார்த்தாள், மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"உங்க கால்சட்டையைத் துவைக்கறது யாரு? உள்பக்கம் பூராவும் எண்ணெய் பிசுக்கு."

"இத்தனை நாள் ஏன் கேக்கல?"

"கேட்டா இல்லேன்னு சொல்லியிருப்பீங்க. நேத்து சொன்னீங்களே." ஒரு சட்டையின் கையை நீவி விட்டாள். "நாய் நக்கறது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா என் தம்பி எழுந்து போற வரைக்கும் பாத்துட்டு நின்னிருக்கமாட்டேன்."

குடும்ப மானம் என்பதை ஸ்டேஷன் மாஸ்டர் சாகும்வரை விட்டுக்கொடுக்கமாட்டார். இப்போதும் அவர் அதை விடவில்லை. ஆனால் அந்த மானத்தைக் காப்பதாக நினைத்து, அதே குடும்பத்து மனுஷன் ஒருவனைத் திருடன் கணக்காக வெளியே அனுப்பியிருக்கிறோம் என்பது அவருக்கு அன்றைக்குப் புரிந்தது. ஒரு சாண் தோலை மூட ஒரு முழு ஆளை எடுத்துப் போர்த்தியது போல. களிம்புக் குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கால்சட்டையை இறக்கிச் சரிசெய்துகொண்டு, நேராகக் கடைத்தெருவுக்கு நடந்தார்.

மருந்துக் கடையில் கூட்டம் இருந்தது. மச்சினர் அவரைப் பார்த்தார், பார்க்காத மாதிரி ஓர் அம்மாளுக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்தார். ஸ்டேஷன் மாஸ்டர் வரிசையில் நின்றார். முறை வந்தது.

"என்ன வேணும்?" என்றார் மச்சினர், முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல.

மன்னிப்பு என்ற சொல் ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பழக்கமில்லாத சொல். அதைத் தேடினார், அகப்படவில்லை. கடைப் படியின்மேல் இடது காலைத் தூக்கி வைத்தார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதுகு மட்டும் வளையவில்லை.

"மேனேஜருக்கு மருந்து குடுத்தது இந்தக் கால்" என்றார். களிம்புக் குழாயைக் கவுண்டர் கண்ணாடிமேல் வைத்தார். "நீ இல்ல."

மச்சினர் காலைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். பிறகு குழாயைத் திருப்பி, அதிலிருந்த சிறிய எழுத்துக்களைப் படித்தார்.

"இதையா போடறீங்க? எவ்வளவு நாளா?"

"நாள் கணக்கு இல்ல. வருஷக் கணக்கு."

"யாரு எழுதிக் குடுத்தது?"

"யாரும் எழுதிக் குடுக்கல. ரெண்டு பஸ் மாறிப் போய், தெரியாத கடையில வாங்கினேன்."

"மச்சினன் மருந்துக் கடையில இருக்கான். இவரு ரெண்டு பஸ் மாறிப் போய் வாங்கியிருக்காரு" என்று மச்சினர் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "அத்தான், இது ஸ்டீராய்டு களிம்பு, இவ்வளவு நாள் போடறது இல்ல. தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆயிடும். காலைக் கீழ இறக்குங்க, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

"நீ கோவமா இருக்கியா?"

"இருக்கேன்." அவர் கடைக்காரரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வெளியே வந்தார். "கோவத்தோடயே வரேன், நடங்க. அந்தப் பொண்ணுகிட்ட முதல்ல சொல்லணும்."

இருவரும் வீட்டுக்குப் போய் மேனேஜரையும் கூட்டிக்கொண்டு ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார்கள். தம்பி மகள் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். பொய் சொன்னதையும் சேர்த்தே சொன்னார். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்து விறைத்து உட்கார்ந்திருந்தார். அவளோ புதையல் கண்டவள்போலத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் நக்கும்? களிம்பு காயறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? ஒரு தடவைக்கு எவ்வளவு பூசுவீங்க? விரல்ல காட்டுங்க."

"முதல்ல நாய் பொழைக்குமா, அதைச் சொல்லு."

"பொழைக்கும். ஆனா திடீர்னு நிறுத்தக் கூடாது பெரியப்பா. அதோட சுரப்பி தூங்கிட்டு இருக்கு. அது மெதுவா எழுந்திருக்கற வரைக்கும் நாமளே கொஞ்சம் மாத்திரையாக் குடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். மாமா, நான் சீட்டு எழுதித் தரேன். நீங்கதான் கொண்டுவந்து தினமும் குடுக்கணும்."

மச்சினர் அத்தானைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா? குடுக்காதப்ப விரட்டினீங்க. இப்பக் குடுக்கறதுக்கு வரச் சொல்றாங்க."

"தினமும்னா, தினமும் சாப்பாடும் அங்கதான்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். அதற்குமேல் அவரால் இறங்கி வர முடியாது என்பது மச்சினருக்குத் தெரியும். தலையை ஆட்டினார்.

அவள் இன்னும் அந்தக் காலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு சந்தேகம்.

"அந்த மருந்து எனக்குள்ளயும்தானே போயிருக்கும்? என் ரத்தத்துல ஏன் ஏறல?"

"தோல் வழியாக் கொஞ்சம்தான் போகும். அதோட, மனுஷ ஈரலுக்கு அந்த மூணாவது வகையைச் செய்யத் தெரியாது. நாய் ஈரலுக்குத்தான் தெரியும்."

"அப்போ இந்த வீட்டுல நான் மட்டும் இருந்து, என் ரத்தத்தை மட்டும் பாத்திருந்தா?"

"சுத்தமான ரத்தம்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்."

அவர் மேனேஜரைப் பார்த்தார். அது அவர் காலை மோந்து பார்க்க வந்தது, மச்சினர் கழுத்துப் பட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆராய்ச்சிலேர்ந்து எங்க வீட்டை எடுத்துட்டியா?"

"இல்ல பெரியப்பா, இன்னும் எடுக்கல. உங்களுக்குச் சம்மதம்னா இப்ப இதுதான் முக்கியமான வீடு. பேர் எதுவும் வராது. ஆனா களிம்பு, படை எல்லாம் எழுதணும். படம்கூட எடுக்கணும்."

ஸ்டேஷன் மாஸ்டர் கால்சட்டையை இன்னும் ஒரு மடிப்பு மேலே ஏற்றிக்கொண்டார்.

"படத்துல கால் நேரா வரணும்" என்றார். "கோணலா எடுக்காதே."

படையின் அளவு படத்தில் தெரிவதற்காக அவள் மேஜையிலிருந்து அளவுகோலை எடுத்து வந்து, அவர் தோல்மேல் படாமல் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள். அவர் மூச்சுக்கூட விடாமல் காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.